சாவடி நின்ற இடத்திலேயே நிற்கிறது

கோவையிலிருந்து தடாகம் சாலையைப் பிடித்து மேற்கே போகிறவர் மாங்கரையில் ஒருமுறை வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அங்கே வனத்துறைச் சாவடி. மலைவளைவுகள் ஏறி ஆனைகட்டி வந்தால் தமிழ்நாட்டுக் காவல்துறையின் செக்போஸ்ட். எல்லையைத் தாண்டினால் கேரளத்துச் சோதனை. ரேஷன் அரிசி, மதுபாட்டில், கஞ்சா, செம்மண் என்று இங்கே தேடப்படும் பொருள்களின் பட்டியல் எந்த ஆட்சியிலும் பெரிதாக மாறியதில்லை. தேர்தல் வந்தால் ரொக்கம் அதில் சேரும். கரோனா வந்தபோது மனிதர்களே அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். ஒரே சாலையில் அடுத்தடுத்து இத்தனை கண்காணிப்பு இருக்கும்போது இந்தப் பள்ளத்தாக்கு பாதுகாப்பாகத்தானே இருக்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கக்கூடும்.

உள்ளூர்க்காரர்களிடம் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால் முதலில் யானையைச் சொல்வார்கள். அது நியாயம்தான், இருட்டிய பிறகு வாசலில் நிற்பது யானையா, நிழலா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே கால் வைக்க வேண்டிய ஊர் இது. அதற்கு அடுத்ததாகச் சொல்பவை குடி, கூலி பாக்கி, நிலத் தகராறு, வீட்டுப் பெண்கள் வாங்கும் அடி. இவற்றில் எதையும் செக்போஸ்டில் வண்டியின் டிக்கியைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எல்லைச் சாவடி அரசின் வருவாயையும் சரக்கையும் காக்கப் பிறந்தது. அதிலும் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டுவிட்டன. மிச்சமிருப்பவை காவல், கலால், வனம், மோட்டார் வாகனத் துறை ஆகியவற்றின் சாவடிகள். வாளையாறு உள்ளிட்ட பாலக்காட்டு எல்லைச் சாவடிகளில் கேரள லஞ்ச ஒழிப்புத் துறை திடீர்ச் சோதனை நடத்திக் கணக்கில் வராத பணத்தை எடுத்த செய்திகள் ஆண்டு தவறாமல் வருகின்றன. கடத்தலைத் தடுப்பதற்காக வைத்த இடத்தைக் கடத்தலுக்குக் கட்டணம் வாங்கும் இடமாக்க முடிந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: அது எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்கு ஆள் மாறுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

குற்றத் தடுப்பு என்ற பெயரில் நாம் செய்கிறவை உண்மையிலேயே குற்றத்தைத் தடுக்கின்றனவா? இந்தக் கேள்வியை அளந்து பார்க்க முடியும் என்று உலகம் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. நம் காவல்துறைகளில் அதைக் காதில் வாங்கியவர்கள் குறைவு. ஆனைகட்டியை முன்னால் வைத்துக்கொண்டு அந்த ஆய்வுகளைப் படித்தால், அவை நமக்காகவே எழுதப்பட்டவை போலத் தோன்றுகின்றன.

1972-இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி காவல்துறை துணிச்சலான ஒரு வேலை செய்தது. நகரின் 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் வழக்கமான ரோந்து. இன்னொன்றில் இரண்டு மூன்று மடங்கு ரோந்து. மூன்றாவதில் ரோந்தே கிடையாது. அழைத்தால் மட்டும் போவார்கள். ஏறத்தாழ ஓராண்டு முடிந்து பார்த்தபோது குற்ற எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ரோந்து கூடியதையோ நின்றதையோ பெரும்பாலான மக்கள் கவனிக்கவே இல்லை. ஜீப் சுற்றிக்கொண்டே இருந்தால் குற்றம் குறையும் என்ற நம்பிக்கை அந்த அறிக்கையில் ஆட்டம் கண்டது.

அப்படியென்றால் காவல்துறையால் பயனே இல்லையா? அதற்கும் பதில் வந்தது. மினியாபோலிஸ் நகரின் அவசர அழைப்புகளை லாரன்ஸ் ஷெர்மன் குழுவினர் ஆராய்ந்தபோது, பாதி அழைப்புகள் நகரின் 3 சதவீத முகவரிகளிலிருந்து மட்டும் வந்திருந்தன. குற்றம் ஊர் முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை. சில மூலைகளில் குவிந்து கிடக்கிறது. அப்படிப்பட்ட 110 மூலைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் பாதியில் மட்டும் காவலர் நடமாட்டத்தைக் கூட்டிய சோதனையின் முடிவை ஷெர்மனும் டேவிட் வைஸ்பர்டும் 1995-இல் வெளியிட்டார்கள். அந்த இடங்களில் குற்ற அழைப்புகள் குறைந்திருந்தன. அதே தரவை வைத்து கோப்பர் என்ற ஆய்வாளர் இன்னொன்றையும் காட்டினார்: ஒரே இடத்தில் நாள் முழுக்க நிற்பதைவிட, முன்கூட்டித் தெரியாத நேரத்தில் வந்து பத்துப் பதினைந்து நிமிடம் நின்றுவிட்டுப் போவதே அதிகப் பலன் தருகிறது.

இது அமெரிக்கக் கதை, நமக்குப் பொருந்தாது என்று ஒதுக்குகிறவர்களுக்காகவே ராஜஸ்தான் இருக்கிறது. பொருளியல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவரும், டேனியல் கெனிஸ்டன், ராஜஸ்தான் காவல் அதிகாரி நீனா சிங் ஆகியோரும் சேர்ந்து, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரைப் பிடிக்கும் சாவடிகளை அங்கே சோதித்தார்கள். ஒரு வகைச் சாவடி எப்போதும் ஒரே இடத்தில், அந்தக் காவல் எல்லைக்குள் மிகவும் பொருத்தமான சாலையில் நிற்கும். இன்னொரு வகை, மூன்று இடங்களுக்குள் மாறி மாறி நிற்கும். மாறும் சாவடி இருந்த இடங்களில் இரவு விபத்துகள் 17 சதவீதமும் இரவு மரணங்கள் 25 சதவீதமும் குறைந்தன. நிலையான சாவடியால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் கிடைக்கவில்லை. நல்ல இடத்தில் நின்றும் பலனில்லை, ஏனென்றால் ஓட்டுநர்கள் மாற்றுவழியைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனைகட்டி செக்போஸ்டைத் தாண்டுகிற எந்த அரிசி வியாபாரிக்கும் இது புதிய செய்தியாக இருக்காது.

இதே நீனா சிங் 2023 டிசம்பரில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் முதல் பெண் தலைமை இயக்குநரானார். காவல் சீருடை அணிந்தவர் ஒருவர், தன் துறையின் பழக்கங்கள் பலிக்கின்றனவா என்று அளந்து பார்த்து, பலிக்காததைப் பலிக்கவில்லை என்று பெயரிட்டு வெளியிடவும் செய்தார் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

முக்காலியில் நடந்தது

ஆனைகட்டியிலிருந்து அகளி வழியாக மண்ணார்க்காட்டுக்குப் போகும் சாலையில் இருக்கிறது முக்காலி. அமைதிப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவுக்கு வாசல் அதுதான். 2018 பிப்ரவரி 22-ஆம் தேதி, மது என்ற பழங்குடி இளைஞரை ஒரு கூட்டம் காட்டுக்குள் தேடிப்போய்ப் பிடித்தது. மனநலம் குன்றியவர், குடும்பத்தைவிட்டுக் காட்டில் தனியே வாழ்ந்தவர். கடைகளில் அரிசியும் தின்பண்டங்களும் திருடினார் என்பது அவர்கள் சொன்ன குற்றம். கைகளைக் கட்டி, அடித்து, ஊர்வலமாக முக்காலிக்குக் கொண்டுவந்தார்கள். வழியில் அவரை வைத்து செல்ஃபி எடுத்தார்கள். பிறகு போலீஸைக் கூப்பிட்டு ஒப்படைத்தார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் போலீஸ் ஜீப்பிலேயே அவர் இறந்தார்.

எல்லைச் சாவடிகளில் தேடப்படும் பொருள்களில் அரிசியே முதலிடம் பெறுவது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் விலையில்லாமல் வழங்கப்படும் அரிசி, சில ரூபாய்க்குக் கைமாறி, மூட்டை மூட்டையாகக் கேரளத்துக்குப் போவதும் அவ்வப்போது பிடிபடுவதும் கோவை, பொள்ளாச்சிப் பக்கத்துச் செய்தித்தாள்களில் நிரந்தரப் பத்தி. அந்த வழக்குகளில் பிடிபடுவோரை யாரும் கட்டி வைத்து அடிப்பதில்லை. வண்டி பறிமுதல், வழக்கு, ஜாமீன் என்று சட்டம் தன் வழியில் போகிறது. மதுவின் பையில் இருந்தது சிறிதளவு அரிசியும் மளிகைச் சாமானும்.

குற்றத்தைத் தடுப்பது பற்றிப் பேசும் கட்டுரையில் இந்த வழக்கை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். அந்தக் கூட்டம் தன்னைக் குற்றவாளிக் கூட்டமாக நினைக்கவில்லை. குற்றத் தடுப்பு வேலை செய்வதாகத்தான் நினைத்தது. சந்தேகப்படுபவரைத் தேடுதல், பிடித்தல், சோதனையிடுதல், படம் எடுத்து ஆவணப்படுத்துதல், கடைசியில் காவல் நிலையத்திடம் ஒப்படைத்தல் என்று காவல்துறையின் வேலைகள் ஒவ்வொன்றையும் அது நடத்திப் பார்த்தது. நிஜக் காவல்துறைக்கு அதில் மிஞ்சியது வண்டி ஓட்டும் வேலை. இந்த மனப்போக்கு கூட்டத்திடம் மட்டும் இல்லை. காமன் காஸ் அமைப்பும் லோக்நீதி-சி.எஸ்.டி.எஸ். ஆய்வு மையமும் 2019-இல் வெளியிட்ட இந்தியக் காவல்துறை நிலை அறிக்கையில், சிறு குற்றங்களுக்கு நீதிமன்ற விசாரணையைவிடக் காவலரே ஒரு சிறு தண்டனை கொடுத்துவிடுவது மேல் என்று 37 சதவீதக் காவலர்கள் சொல்லியிருந்தார்கள். காவலர் கொடுக்கலாம் என்றால் கடைக்காரர் கொடுக்கக் கூடாதா என்று முக்காலி கேட்டுவிட்டது.

பின்னால் நடந்தது இன்னும் நீளம். வழக்கு விசாரணை தொடங்கவே நான்கு ஆண்டுகள் ஆயின. அரசு சிறப்பு வழக்கறிஞர்கள் ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள். 2022-இல் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியதும் சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். கடைசியில் அந்த எண்ணிக்கை 24 ஆனது. ஒரு சாட்சி, நீதிமன்றத்தில் ஓடிய கண்காணிப்புக் காட்சியில் தன் உருவமே தனக்குத் தெரியவில்லை என்றார். நீதிமன்றம் அவருடைய கண்ணைப் பரிசோதிக்க உத்தரவிட்டது, பார்வையில் குறையில்லை. குற்றம்சாட்டப்பட்டவர்கள் சாட்சிகளோடு தொடர்பில் இருந்தது தெரியவந்தபின் 12 பேரின் ஜாமீனைச் சிறப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. சாட்சிகளுக்குப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ்க் காவல் போடப்பட்டது. 2023 ஏப்ரல் 4 அன்று 16 பேரில் 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. மறுநாள் 13 பேருக்கு ஏழாண்டு கடுங்காவல் விதிக்கப்பட்டது. கொலை என்ற பிரிவில் தண்டனை இல்லை. கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற பிரிவில்தான்.

சாட்சிப் பிறழ்வைப் பணம் என்ற ஒரே சொல்லால் விளக்கிவிட முடியாது. சாட்சி சொல்ல வேண்டியவர் அதே கடையில் கடன் சொல்லிச் சாமான் வாங்குகிறவர். அதே ஆட்களின் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர். தற்காலிக வேலையில் இருப்பவர். நீதிமன்றக் கூண்டில் அரைமணி நேரம் தைரியமாக நின்றுவிட்டு, அதற்குப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் அதே தெருவில் நடக்க வேண்டும். சாவடியில் நிற்கும் காவலர்களில் ஒருவர்கூட அந்தத் தெருவில் அவருக்குத் துணை இல்லை.

வெள்ளையாகக் கிடக்கும் வரைபடம்

மினியாபோலிஸ் பாணியில், எல்லைக்கு அப்பால் முக்காலியும் அகளியும் இருக்கும் கேரளத்து அட்டப்பாடிக்கும் இப்பால் தடாகம் பள்ளத்தாக்குக்கும் ஒரு குற்ற வரைபடம் போட்டால் என்ன கிடைக்கும்? சாலையோரம் சில புள்ளிகள் விழும். உள்ளே, இருளர், முதுகர், குறும்பர் வாழும் ஊர்கள் வெள்ளையாகவே கிடக்கும். அங்கே குற்றமே நடப்பதில்லை என்று அதற்குப் பொருள் கொண்டால் அதைவிடப் பெரிய பிழை இருக்க முடியாது. புகார் பதிவானால்தான் புள்ளி விழும். புகார் பதிவாக, மலையிறங்கி வந்து, ஒருநாள் கூலியை இழந்து, காவல் நிலையத்தின் வாசலில் காத்திருந்து, எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, அதற்குப் பிறகு 'நாளைக்கு வா' என்ற பதிலையும் தாண்ட வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் அதிர்ஷ்டம் இருந்தால் புகார் வந்ததைக் குறிக்கும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும், முதல் தகவல் அறிக்கை என்பது வேறு சங்கதி. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது 2013 நவம்பரில். அந்தத் தீர்ப்பு எத்தனை மலைகளை ஏறியிருக்கிறது என்று அளந்தவர் இல்லை.

எல்லை ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. வீடு கேரளத்துச் சோலையூரில், வேலை தமிழ்நாட்டுத் தடாகம் பள்ளத்தாக்கில் என்று வாழ்கிறவர்கள் ஏராளம். சட்டவிரோதமாகச் செம்மண் எடுத்து இயங்கிய 186 செங்கல் சூளைகள் 2021-இல் மூடப்படும்வரை அவற்றில் வேலை செய்தவர்களில் இரு மாநிலத்தாரும் இருந்தார்கள். கூலி கொடுக்காமல் அடித்து விரட்டினால் புகார் எங்கே கொடுப்பது? தடாகம் ஸ்டேஷன் சோலையூரைக் காட்டும். சோலையூர் ஸ்டேஷன் தடாகத்தைக் காட்டும். குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் முதலில் பதிந்துகொண்டு பிறகு உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிற 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' முறை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவிலேயே இடம்பிடித்துவிட்டது. இந்தியாவில் அந்தப் பிரிவு வேறெங்கையும்விட அதிகமாகப் பயன்பட வேண்டிய இடங்கள் ஆனைகட்டி, கோபாலபுரம், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி போன்ற எல்லை ஊர்கள்தாம். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் ஏறித் தினமும் இடுக்கிக்குப் போய்த் திரும்பும் தேனி மாவட்டப் பெண்களுக்கும் இதே சிக்கல்தான்.

கும்பல் கொலைகளின் கணக்கும் இப்படித்தான் காணாமல் போயிற்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2017-இல் இவற்றைத் தனியே திரட்டிப் பார்த்தது. தரவு நம்பத்தக்கதாக இல்லை என்று சொல்லி அந்த முயற்சியைக் கைவிட்டதாக 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. நம்பத்தக்கதாக இல்லாத தரவைச் செம்மைப்படுத்துவதுதானே ஆவணக் காப்பகத்தின் வேலை? புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி இனம், சாதி, பாலினம், மொழி, பிறந்த இடம், தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணத்துக்காகக் கொன்றால் மரண தண்டனை வரை விதிக்கிறது. திருட்டுச் சந்தேகம் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. இன்னொரு மது கொல்லப்பட்டால், அவர் பழங்குடி என்பதாலா, அரிசி எடுத்தார் என்பதாலா என்று வழக்கறிஞர்கள் பல நாள் வாதாட இடம் இருக்கிறது.

குற்ற வரைபடம் என்றதும் நம் மண்ணில் கொஞ்சம் தயங்கத்தான் வேண்டும். வெள்ளைக்காரர்கள் 1871-இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. முழுச் சமூகங்களையும் பதிவேட்டில் ஏற்றி, கைரேகை வாங்கி, இரவில் காவல் நிலையத்தில் படுக்க வைத்தது. அதுவும் 'குற்றத் தடுப்பு' என்ற பெயரில்தான் நடந்தது. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் சந்தனக் கடத்தலைத் தடுக்கிறோம் என்று சொல்லிப் போன வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் ஒரு மலைவாழ் மக்கள் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளானார்கள். 2011-இல் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மலைமக்கள் காக்கியைக் கண்டால் ஏன் வாய் திறப்பதில்லை என்று கருத்தரங்குகளில் கேட்கிறவர்கள் இந்தத் தேதிகளைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. அதனால்தான் ஆட்களின் வரைபடம் வேண்டாம், சம்பவங்கள் நடக்கும் இடங்களின் வரைபடம் போதும் என்பது என் கட்சி.

பொய்ப் புகார்தாரர் செய்த வேலை

பதிவு நடக்க வைப்பது எப்படி? இதற்கும் ராஜஸ்தானிலேயே விடை இருக்கிறது. மேலே சொன்ன அதே குழு 11 மாவட்டங்களின் 162 காவல் நிலையங்களில் பல சீர்திருத்தங்களைச் சோதித்தது. அடிக்கடி இடமாற்றம் செய்வதை நிறுத்தினார்கள். சுழற்சி முறையில் பணியும் வார விடுமுறையும் கொடுத்தார்கள். ஊர் மக்களில் சிலரை நிலையத்தில் பார்வையாளர்களாக உட்கார வைத்தார்கள். கேட்க நன்றாக இருக்கும் இந்த மூன்றும் எடுபடவில்லை. மேலதிகாரிகள் இடமாற்றத்தைத் தொடர்ந்தார்கள். விடுமுறை நாளடைவில் காகிதத்தோடு நின்றது. எடுபட்டவை இரண்டு. ஒன்று பயிற்சி: புலனாய்விலும் மக்களிடம் பேசும் முறையிலும் பயிற்சி பெற்றவர்கள் நிறைந்த நிலையங்களில் புகார்தாரர்களின் மனநிறைவு கூடியது. இன்னொன்று சுவாரசியமானது. சாதாரண மனிதரைப் போல ஒருவரை அனுப்பி, கற்பனையான ஒரு திருட்டுப் புகாரைக் கொடுக்க வைத்தார்கள். எஃப்.ஐ.ஆர். எழுதப்படும் கட்டத்தில் அவர் தான் யார் என்று சொல்லிவிடுவார். இப்படி ஆட்கள் வருகிறார்கள் என்ற செய்தி பரவியதும், வருகிற ஒவ்வொருவரும் அந்த ஆளாக இருக்கலாம் என்ற எண்ணத்தில் நிலையங்கள் புகாரைப் பதியத் தொடங்கின.

மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களில் பெண்கள் உதவி மேசையை வைத்து நடத்திய சோதனையும் (2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது) இதையொட்டியே போகிறது. மேசை வைத்த நிலையங்களில் பெண்களுக்கு எதிரான வன்முறை வழக்குகள் அதிகமாகப் பதிவாயின. மேசையைப் பெண் அதிகாரிகள் கவனித்த இடங்களில் எஃப்.ஐ.ஆர். கூடியது. அங்கே வழக்கு எண்ணிக்கை உயர்ந்ததை நல்ல அறிகுறியாகப் படிக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் வழக்கு எண்ணிக்கை உயர்ந்தால் ஆய்வாளருக்கு எஸ்.பி. அலுவலகத்திலிருந்து கேள்வி வரும். இந்த ஒரு பழக்கம் மாறாதவரை, எத்தனை மேசை வாங்கிப் போட்டாலும் அது மர வியாபாரிக்குத்தான் லாபம்.

'மக்களோடு நட்புறவு' என்ற மந்திரத்தின் மீதும் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தமிழ்நாட்டில் 1993-இல் ராமநாதபுரத்தில் பிரதீப் வி. பிலிப் தொடங்கிய 'போலீஸ் நண்பர்கள்' நல்ல எண்ணத்தில் பிறந்த திட்டம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் நிலையச் சித்திரவதையில் இறந்தபின், அந்தப் பெயரில் இயங்கியவர்கள் மீதும் புகார் எழுந்தது. அரசு திட்டத்தைத் தடை செய்தது. கேரளத்தின் ஜனமைத்ரி திட்டம் 2008-இல் 20 நிலையங்களில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது. பீட் அதிகாரி வீடு வீடாகப் போய் முகம் பழகுவது அதன் அடிப்படை. நகரத்துக் குடியிருப்புகளில் தனியே வாழும் முதியோருக்கு அது உதவியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் ஒரே நேரத்தில் நடத்தி 2021-இல் வெளியான பெரிய ஆய்வு, சமூகக் காவல் முறையால் காவல்துறை மீதான நம்பிக்கை கூடவும் இல்லை, குற்றம் குறையவும் இல்லை என்றது. கூட்டம் போட்டுப் பேசினார்கள்; கூட்டத்தில் சொன்னதற்கு நடவடிக்கை எடுக்கத் தேவையான ஆளும் அதிகாரமும் நிலையங்களிடம் இல்லை.

மதுபான விஷயத்தில் இரண்டு மாநிலமும் சேர்ந்து செய்த கேலிக்கூத்து ஒன்று உண்டு. அட்டப்பாடியில் 1990-களிலிருந்து மதுவிலக்கு. ஆனைகட்டியிலோ டாஸ்மாக் கடை திறந்தார்கள். அட்டப்பாடிப் பெண்களின் தாய்க்குலச் சங்கம் எல்லைக்கு வந்து போராட வேண்டியிருந்தது. ஒரு மூலையில் காவலைக் கூட்டினால் குற்றம் அடுத்த மூலைக்கு நகர்ந்துவிடும் என்பது பொதுவான பயம். ஜெர்சி சிட்டியில் வைஸ்பர்ட் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு அப்படி நகரவில்லை என்று காட்டியது. அங்கே இரண்டு மூலைக்கும் சட்டம் ஒன்று. இங்கே பத்தடி தூரத்தில் சட்டமே மாறுகிறது. எந்த ஆய்வாளரும் ஆனைகட்டியை எட்டிப் பார்க்காமல் அந்த முடிவை அப்படியே இங்கே இறக்குமதி செய்யக் கூடாது.

சோதித்துப் பார்த்தால் என்ன?

இந்த எல்லை ஒரு ஆயத்த ஆய்வுக்கூடம். இருபுறமும் இருளர் ஊர்கள். இருபுறமும் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. ஒரே மலை, ஒரே யானை, இரண்டு காவல்துறைகள். வைக்க வேண்டிய கோரிக்கை சிக்கலானதில்லை. ஆனைகட்டிச் சாவடியில் நிற்கும் ஆட்களில் ஒரு பகுதியினரை எடுத்து, தடாகம் பள்ளத்தாக்கிலும் அகளி, சோலையூர்ச் சாலைகளிலும் முன்னறிவிப்பில்லாமல் இடம் மாற்றி நிறுத்துவது. மிஞ்சும் ஆள்நேரத்தில், ஒரு எழுத்தரையும் ஒரு பெண் காவலரையும் வாரத்துக்கு ஒருநாள், குறித்த கிழமையில், குறித்த ஊர்களுக்கு அனுப்பிப் புகார் எழுதி வாங்குவது. கடத்துகிறவனுக்குக் காவலர் எங்கே வருவார் என்று தெரியக் கூடாது. புகார் கொடுக்க வேண்டிய பெண்ணுக்கு எந்தக் கிழமை வருவார் என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். இப்போது நடப்பது நேர்மாறு. சில ஊர்களில் இதைச் செய்து, சில ஊர்களில் செய்யாமல், ஓராண்டு கழித்து வெளியாள் ஒருவர் ஒப்பிட வேண்டும். அவ்வப்போது ஒரு மாற்றுவேடப் புகார்தாரரும் வந்து போகலாம். ஊர் மூப்பனின் ஒப்புதலோடுதான் எதுவும் தொடங்க வேண்டும். ஆனால் புகாரை மூப்பன் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று வைத்துவிடக் கூடாது. வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்ணின் புகார் மூப்பனின் உறவினர் மீதாகவும் இருக்கலாம்.

காவல் அதிகாரிகள் சொல்லும் முதல் மறுப்பு ஆள் பற்றாக்குறை. அது உண்மை. அதே மலைகளில் மாவோயிஸ்டுகளைத் தேடும் படைகளுக்கு மட்டும் ஆள் கிடைத்தார்கள். 2019 அக்டோபரில் மஞ்சிக்கண்டியில் கேரளத் தண்டர்போல்ட் படை நால்வரைச் சுட்டுக்கொன்றது அட்டப்பாடிக்குள்தான். அதோடு ஒப்பிட்டால் வாரத்துக்கு ஒருநாள் இரண்டு பேர் என்பது பெரிய செலவில்லை.

இதைவிட வலுவான மறுப்பு மலைமக்கள் பக்கத்திலிருந்து வரும். சாவடி இப்போது எல்லையோடு நிற்கிறது. அதை ஊருக்குள் நடமாட விட்டால், கடத்தல்காரனைவிட, தேன் எடுத்து வருகிறவனும் விறகு சுமக்கிறவளும்தான் அதிகம் நிறுத்தப்படுவார்கள். இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ராஜஸ்தானில் அந்தச் சாவடி வண்டிகளுக்கு ஜி.பி.எஸ். பொருத்தி, எங்கே எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று கண்காணித்தார்கள்; நிலையத்து ஆட்களைவிட ஆயுதப்படையிலிருந்து இதற்கென்றே அனுப்பிய குழுக்கள் ஒழுங்காக வேலை செய்தன. இங்கேயும் மோட்டார் வாகனங்களை மட்டும் நிறுத்தலாம், நிறுத்திய ஒவ்வொன்றுக்கும் பதிவு இருக்க வேண்டும், நடந்து போகிறவரைத் தொடக் கூடாது என்று எழுத்தில் வைக்காமல் தொடங்கினால், தொடங்காமலே இருப்பது மேல்.

கோவை மாவட்டக் காவல்துறையும் பாலக்காடு மாவட்டக் காவல்துறையும் எல்லை ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் நடத்துகின்றன. கஞ்சா, மாவோயிஸ்ட், தேர்தல் பாதுகாப்பு என்று பொருள்கள் வழக்கமானவை. அடுத்த கூட்டத்தில் இரண்டு எண்களை மேசையில் வைக்கலாம். கடந்த ஓராண்டில் தடாகம், அகளி, சோலையூர் நிலையங்களில் பழங்குடி ஊர்களிலிருந்து நேரடியாக வந்து பதிவான புகார்கள் எத்தனை. அடுத்த மாநிலத்தில் நடந்த குற்றத்துக்காக இங்கே பதிந்து அங்கே அனுப்பிய ஜீரோ எஃப்.ஐ.ஆர். எத்தனை. இரண்டையும் எடுக்க நிலைய எழுத்தர்களுக்கு ஒரு பிற்பகல் போதும்.